மாடல் டி: மர வட்டையும் மூன்று ட்ரம்மும்

வண்டி பட்டறைக்கு வந்தபோது ஸ்டியரிங் வளையத்தில் ஒரு சாண் தூரத்துக்கு சைக்கிள் ட்யூப் சுற்றியிருந்தது. அவிழ்த்தால் உள்ளே இன்சுலேஷன் டேப், அதற்கும் உள்ளே எம்-சீல். எம்-சீலைத் தட்டி எடுத்ததும் அதன் பின்னாலேயே மரம் தூளாகக் கொட்டியது. யாரோ நல்ல மனசோடு செய்த வைத்தியம்தான். ஆனால் ஈரத்தை உள்ளே வைத்து மூடிவிட்டார்கள்.

ஃபோர்டு மாடல் டி, திறந்த டூரர், 1918 வாக்கில் வந்தது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் தேங்காய் மட்டைக்கு நடுவே பல வருஷம் கிடந்திருக்கிறது. வலது பக்க ஸ்டியரிங் என்பதைப் பார்த்து இங்கிலாந்து வண்டி என்று பலரும் சொன்னார்கள். அப்படியில்லை. பிரிட்டனையும் அயர்லாந்தையும் தவிர்த்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு வண்டி அனுப்பும் உரிமை கனடா ஃபோர்டிடம்தான் இருந்தது. இந்தியாவுக்கு வந்தவை பெரும்பாலும் அங்கே வலது பக்க ஸ்டியரிங்கோடு செய்தவை. எஞ்சின் எண் 'சி' என்ற எழுத்தில் தொடங்கியது ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி பாடியின் மரச்சட்டத்தில் கிடைத்தது. தலையில் சதுரக் குழி உள்ள ஸ்குரூக்கள். எந்த ஸ்குரூ டிரைவரும் உட்காராமல் எங்கள் பட்டறைப் பையன் அரை நாள் திட்டிக்கொண்டிருந்தான். கனடாக்காரர் ராபர்ட்சனின் ஸ்குரூ அது. சதுரக் கம்பி ஒன்றை ராவி முனை செய்து கொடுத்தோம், எண்ணெய் விட்டதும் சுலபமாகக் கழன்றது. நூறு வருஷத்துக்குப் பிறகும் தலை மழுங்கவில்லை.

வேலை இரண்டு. மர ஸ்டியரிங், கியர்பாக்ஸ். பிரித்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது, இந்த வண்டியில் கோள் கியர், அதாவது நடு கியரைச் சுற்றிச் சின்ன கியர்கள் ஓடும் அமைப்பு, இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று காலடியில் கியர்பாக்ஸில். இன்னொன்று கைக்கு நேர் கீழே, ஸ்டியரிங்கின் நடுக் குடத்துக்கு அடியில் ஒரு சின்னக் கிண்ணத்தில்.

ஸ்டியரிங்கைக் கழற்றுவதிலேயே முதல் தவறு செய்தேன். மேல் நட்டை எடுத்துவிட்டுக் கீழிருந்து மரச் சுத்தியலால் தட்டினால் வந்துவிடும் என்று நினைத்தேன். நான்காவது தட்டில் வளையத்தின் பழைய ஒட்டு ஒன்று வாய் பிளந்தது. அதோடு நிறுத்தினேன். பேரிங் புல்லரைக் குடத்தில் மாட்டி, டீசல் விட்டு ஊறவைத்து, தினமும் காலையில் கால் சுற்று இறுக்கி, குடத்தை மட்டும் ப்ளோ லாம்ப்பில் லேசாகக் காட்டினோம். மரத்துக்கு ஈரத்துணி கட்டியிருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் 'டக்' என்று ஒரு சத்தம். பக்கத்து லேத்தில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

கிண்ணத்துக்குள் கிரீஸ் முற்றிப்போன கருப்பட்டிப் பாகு மாதிரி இறுகியிருந்தது. சுரண்டி எடுத்தால் நடுவில் ஒரு சின்ன கியர், சுற்றி மூன்று கோள் கியர்கள், வெளியே கிண்ணத்தின் உள்பல். வளையத்தை நான்கு சுற்று சுற்றினால் கீழே தண்டு ஒரு சுற்று. பல் எல்லாம் நன்றாகவே இருந்தது. கோள் கியர் உட்காரும் பின்கள்தான் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தன. ஸ்டியரிங்கில் கை அகலம் ஆட்டம் இருந்ததற்கு இதுதான் காரணம், முன் சக்கரத்தில் தேட வேண்டியதே இல்லை. பின்னைத் திருப்பிப் போட்டு, அதைச் சுற்றி வரும் புஷ் வளையம் புதிதாக அடித்து, அரை நாளில் முடிந்தது.

மர வளையத்தை எடுத்துக்கொண்டு ஆசாரியாரிடம் போனேன். எழுபது தாண்டியவர். இளவயதில் மாட்டுவண்டிச் சக்கரம் செய்தவர், இப்போது கதவு ஜன்னல். கையில் வாங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "வட்டை போயிருச்சுங்க தம்பி, ஆரக்காலும் குடமும் நல்லாத்தான் இருக்குது." எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்தால் அவர் சொன்ன பெயர்கள்தான் பொருத்தம். நடுவில் குடம், நான்கு இரும்பு ஆரக்கால், அதன் நுனியில் அடியிலிருந்து ஸ்குரூ போட்டு நிறுத்திய மர வட்டை. அதிலிருந்து நானும் வட்டை என்றே சொல்கிறேன்.

வாய் பிளந்த ஒட்டில் அவர் ஒரு துணியை வெந்நீரில் நனைத்துச் சுற்றினார். பத்து நிமிஷத்தில் பசை கொழகொழவென்று இளகி, தோல் வேகிற மாதிரி ஒரு நாற்றம். "வச்சிரம்" என்றார். மாட்டுத்தோலில் காய்ச்சுகிற தச்சுப் பசை. நாள்பட்ட ஈரம் பட்டால் விட்டுவிடும். ஆனால் அதே குணத்தால்தான் மரத்தைக் கிழிக்காமல் பிரித்து எடுக்கவும் முடிந்தது.

உளுத்த இடம் நாலு விரல்கடைதான். அதை வெட்டி நேராக ஒரு துண்டு வைக்கலாமே என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு ஒரு பலகையில் பென்சிலால் வளைவு போட்டுக் காட்டினார். நேர் ரேகை ஓடும் பலகையில் வளைவாக அறுத்தால் துண்டின் இரு முனையிலும் ரேகை குறுக்கே வெட்டுப்படும். மாட்டுவண்டி வட்டை கனமானது, அது தாங்கும். ஓர் அங்குலக் கனமுள்ள இந்த வட்டை கையால் அழுத்தினாலே அந்த இடத்தில் உடையும். அதனால் மெல்லிய பட்டைகளாக அறுத்து, வளைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். முனைகளைச் சாய்வாகச் சீவ வேண்டும், அங்குலக் கனத்துக்கு ஆறு அங்குலச் சாய்வு. கணக்குப் போட்டால் நாலு விரல் அழுகலுக்காக முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டி எடுக்க வேண்டும். ஒரிஜினல் மரத்தில் மூன்றில் ஒரு பங்கு. எனக்கு மனசே வரவில்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். ஆனால் திருப்பத்தில் கையோடு வரக்கூடிய ஸ்டியரிங்கை ஒரிஜினல் என்று வைத்துக்கொண்டு என்ன செய்ய? சரி, வெட்டுங்க என்றேன்.

அடுத்து எந்த மரம். "ஈட்டி போட்டாத்தானுங்க அழகு" என்றார். வண்டிச் சொந்தக்காரரின் பேரனுக்கும் அதே ஆசை, வார்னிஷ் அடித்துப் பளபளவென்று. ஆனால் எம்-சீலுக்கு அடியில், ஆரக்கால் ஸ்குரூவைச் சுற்றி, பழைய கறுப்புப் பெயின்ட் தெளிவாக இருந்தது. 1914-லிருந்து 1925 வரை மாடல் டி கறுப்பில் மட்டும்தான் வந்தது. இந்த வண்டியில் வட்டைக்கும் அதே கறுப்பு. பழைய காரில் மரம் என்றால் மினுங்க வேண்டும் என்பது பிற்காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களைப் பார்த்து வந்த ஆசை. இங்கே மரம் அழகுக்காக வந்ததல்ல. கறுப்புக்கு அடியில் மறையப் போகிற மரத்துக்கு ஈட்டி எதற்கு? பழைய மரத்தின் எடைக்கும் நெருக்கமான ரேகைக்கும் ஒத்துவரும் மரமாக மஞ்சக்கடம்பு சொன்னேன். கோயம்புத்தூரில் அந்த மரத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை, மில்லுக்கு பாபின் கடைந்த மரம் அது. சீரான ரேகை, வளைத்தால் அடங்கும். ஆசாரியாரிடமே ஒரு பழைய கதவுப் பலகை கிடந்தது.

நாலு மில்லிமீட்டர் பட்டைகளாக அறுத்து, வெந்நீரில் போட்டு, பிளைவுட்டில் வெட்டிய அச்சின் மேல் வளைத்துக் கட்டி, மூன்று நாள் காயவிட்டோம். பிறகு எபாக்ஸிப் பசை வைத்து அதே அச்சில் ஒட்டினோம். வச்சிரமே போதும் என்றார் அவர். ஸ்டியரிங் விஷயத்தில் எனக்குத் தைரியம் வரவில்லை.

துண்டை வட்டையோடு சேர்க்கும்போது இரண்டாவது தவறு. மத்தியான வெயிலில் எபாக்ஸி கலந்தேன், அவசரம். சாய்வு ஒட்டைக் கிளாம்ப் போட்டு இறுக்கினால் இரண்டு முகமும் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும் என்பது தெரிந்த விஷயம்தான், அந்த நேரத்தில் மறந்துவிட்டது. மறுநாள் பார்த்தால் இரண்டு மில்லிமீட்டர் படி. விரலை ஓட்டினால் தட்டுகிறது. ஹீட் கன்னில் மெதுவாகச் சூடேற்றி, பசை இளகியதும் பிரித்து, முகங்களை மறுபடி சீவி, இந்தத் தடவை ஒவ்வொரு சாய்விலும் தலை வெட்டிய குண்டூசி மாதிரி இரண்டு சின்ன ஆணி வைத்து நழுவாமல் பூட்டினோம். கிளாம்ப்புக்குப் பதில் சைக்கிள் ட்யூப்பை நீளவாக்கில் கிழித்து, இழுத்து இழுத்துச் சுற்றினோம். வளைந்த பொருளுக்கு அதுபோல எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தும் கிளாம்ப் கிடையாது. ஆக, வண்டி வந்தபோது இருந்த அதே சைக்கிள் ட்யூப் கொஞ்ச நாள் மறுபடி அதே இடத்தில் இருந்தது.

வட்டையின் பழைய பகுதியில் அட்டையை வெட்டி உருவம் எடுத்து, புதுத் துண்டை அதற்குத் தகுந்தபடி இழைத்தோம். கடைசியில் அட்டையை எடுத்து வைத்துவிட்டு ஆசாரியார் கண்ணை மூடிக்கொண்டு வட்டையைக் கைக்குள் சுற்றவிட்டார். இரண்டு இடத்தில் நிறுத்தி பென்சிலால் கோடு போட்டார். அந்த இடத்தில் கேஜ் வைத்தால் அரை மில்லிமீட்டர்கூட இல்லை, ஆனால் நான் பிடித்துப் பார்த்தபோது எனக்கும் தெரிந்தது. பழைய பகுதியின் அடியில் விரல் பட்டுப் பட்டு மெலிதாகத் தேய்ந்த பள்ளங்கள் உண்டு. புதுத் துண்டிலும் அப்படியே குடைந்து விடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அது ஓட்டியவர்களின் தேய்மானம், நாம் உளியால் செய்யக்கூடாது. உப்புத்தாள் 80, 120, 220, அப்புறம் ஆளிவிதை எண்ணெய் மிக மெல்லிசாக ஒரு கை, நன்றாகக் காய்ந்த பிறகு கறுப்பு எனாமல் மூன்று கை. பேரன் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

கியர்பாக்ஸுக்கு வருவோம். மாடல் டி ஓட்டாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. கீழே மூன்று பெடல். இடது பெடலை முழுக்க மிதித்தால் லோ கியர், பாதியில் நியூட்ரல், விட்டால் ஹை. நடுப் பெடல் ரிவர்ஸ். வலது பெடல் பிரேக். ஆக்ஸிலரேட்டர் பெடலே இல்லை, அது ஸ்டியரிங்குக்குக் கீழே கை நெம்புகோல். பெட்டிக்குள் மூன்று ட்ரம், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு இரும்புப் பட்டி. எந்தப் பட்டியை இறுக்கி எந்த ட்ரம்மை நிறுத்துகிறோமோ அதற்கேற்ப வண்டி நகரும். ஃப்ளைவீலில் நிற்கும் மூன்று பின்களில் மூன்று மும்மடிக் கியர்கள் சுழல்கின்றன. ஒவ்வொன்றும் 27, 33, 24 பற்கள் கொண்ட மூன்று கியர்கள் சேர்ந்த ஒரே கட்டை. எதிரே மைய கியர்கள் 27, 21, 30. லோ ட்ரம்மைப் பிடித்தால் 2.75-க்கு 1, ரிவர்ஸ் ட்ரம்மைப் பிடித்தால் எதிர்த்திசையில் 4-க்கு 1. பேப்பரில் போட்டுப் பாருங்கள், பின்னம் வந்து உட்காருவது அழகாக இருக்கும்.

மேல் மூடியைத் திறந்ததும் ஈரப் பஞ்சு. பட்டிகளுக்கு உள்ளே வரும் லைனிங் பருத்தி நாடா. அது தேயத் தேய நூல் உதிர்ந்து எண்ணெயில் மிதக்கும். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே எண்ணெய், பம்பும் இல்லை, ஃபில்டரும் இல்லை. ஃப்ளைவீலில் உள்ள 16 காந்தங்கள் எண்ணெயை வாரி அடிக்கும், அதில் கொஞ்சம் ஒரு புனலில் விழுந்து குழாய் வழியாக எஞ்சின் முன்பக்கத்துக்குப் போகும். அந்தக் குழாயில் பஞ்சு அடைத்தால் முன்பக்க பேரிங் காயும். இதில் அடைத்திருந்தது. சைக்கிள் பிரேக் கம்பியை விட்டு இழுத்தபோது திரி மாதிரி நீளமாக வந்தது.

எஞ்சினை இறக்கி ஃப்ளைவீலோடு எல்லாவற்றையும் பெஞ்சில் வைத்தோம். பற்கள் பரவாயில்லை. ட்ரம்களில் விரிசல் இருக்கிறதா என்று மண்ணெண்ணெய் தடவித் துடைத்து சுண்ணாம்புத் தூள் போட்டுப் பார்த்தோம். ரிவர்ஸ் ட்ரம்மின் மேல் முகத்தில் மட்டும் மெல்லிய வெப்பக் கீறல்கள், ஆழமில்லை. லேத்தில் பத்து தவு (ஒரு தவு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) எடுத்ததும் போய்விட்டது. மோசமாக இருந்தவை புஷ்கள். மும்மடிக் கியரை பின்னில் மாட்டி ஆட்டினால் கடகடவென்றது. கன் மெட்டலில் புதிதாகக் கடைந்து அடித்தோம், பின்களும் புதிது. டர்னர் அண்ணன் இடைவெளி ஒரு தவு போதும் என்றார், நான் இரண்டு கேட்டேன். எண்ணெய் தெறித்துப் போகிற இடம், பம்ப் வைத்து ஊட்டுவதல்ல, இடம் வேண்டும். ஒன்றரையில் சமாதானமானோம்.

கோக்கும்போது ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. மூன்று மும்மடிக் கியர்களையும் வைத்து ட்ரம் செட்டை இறக்கினால் பாதியில் நிற்கிறது. கொஞ்சம் தட்டலாமா என்று பையன் சுத்தியலை எடுத்தான். ஸ்டியரிங்கில் பட்ட பாடு நினைவுக்கு வந்து வாங்கி வைத்துவிட்டேன். துடைத்துப் பார்த்தால் ஒவ்வொரு கட்டையிலும் ஒரு பல்லில் சின்ன பஞ்ச் குறி. மூன்று குறியும் மைய கியரில் ஒன்பதுப் பல் இடைவெளியில் உட்கார வேண்டும், 27-ல் மூன்றில் ஒன்று. அப்படி வைத்தால் மற்ற இரண்டு மைய கியர்களும் தானாகவே ஒத்துப்போகும், ஏனென்றால் 21, 30 இரண்டுமே மூன்றால் வகுபடும். அந்த எண்களை முதலில் பார்த்தபோது இது எனக்குத் தோன்றவே இல்லை. நூலால் மூன்று கட்டைகளையும் சுற்றிக் கட்டி, குறி நகராமல் இறக்கினோம். விரல் பலத்தில் போய் உட்கார்ந்தது. நூலை உருவ மறக்கக்கூடாது.

லைனிங் என்ன போடுவது என்பதில்தான் நிறைய யோசித்தேன். பருத்தி மென்மையாகப் பிடிக்கும், ஆனால் நூல் உதிர்ந்ததைப் பார்த்தாயிற்று. கெவ்லர் என்ற செயற்கை இழை நாள்பட உழைக்கும், ஆனால் வழுக்கவிட்டு ஓட்டினால் ட்ரம் சூடேறும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மூன்றாவது, மரம். மாடல் டி வைத்திருப்பவர்களிடையே மர லைனிங் நன்றாகவே பழக்கத்தில் இருக்கிறது, அமெரிக்காவில் செய்தும் விற்கிறார்கள். ஆசாரியாரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. மாட்டுவண்டிக்கு இறக்கத்தில் பிரேக் கட்டை மரம்தானே என்றார். நல்ல முற்றிய கருவேலம் எடுத்து, பட்டி அகலத்துக்கு, ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, சுமார் 23 அங்குல நீளத்தில் மெல்லிசாக அறுத்தார். ட்ரம்மைத் தொடும் பக்கத்தில் விரலிடை விட்டு ரம்பத்தால் பாதி ஆழத்துக்குக் குறுக்குக் கீறல். அதனால் வளைக்கவும் முடிந்தது, எண்ணெய் தங்கவும் இடமாயிற்று. வெந்நீரில் வளைத்துக் காயவைத்து, பித்தளை ரிவிட் அடித்து, தலைகளை நன்றாக உள்ளே இறக்கி, இரண்டு நாள் எஞ்சின் எண்ணெயில் மூழ்க வைத்தோம்.

ஒரு எச்சரிக்கை. இந்த வண்டியில் கால் பிரேக் சக்கரத்தில் இல்லை, கியர்பாக்ஸுக்குள்தான் இருக்கிறது. பின் சக்கர ட்ரம் கை பிரேக்குக்கு மட்டும். அதனால் சொந்தமாக அறுத்த மரத்தை நம்பி உடனே ரோட்டுக்குப் போகாதீர்கள். நாங்கள் முதல் வாரம் பட்டறைக்குப் பின்னால் உள்ள மைதானத்தில்தான் ஓட்டினோம், பையன் ஒருவன் மரக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே ஓடினான்.

முதல் ஸ்டார்ட் காலை ஆறு மணிக்கு. சாதாரணமாகப் பழைய எஞ்சினுக்கு ஊற்றுகிற 20டபிள்யூ-50 என்ற கெட்டி எண்ணெய் ஊற்றியிருந்தேன். கை பிரேக் லிவரைப் பின்னால் இழுத்து நியூட்ரலில் வைத்து, ஸ்பார்க்கைத் தாமதத்தில் வைத்து, கட்டை விரலை மடக்காமல் கிராங்க்கைப் பிடித்து மேலே இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. பிடித்த மறுகணம் வண்டி என்னை நோக்கி நடக்க ஆரம்பித்தது. கிளட்ச்சுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் இரும்புத் தட்டுகளுக்கு நடுவே கெட்டி எண்ணெய் ஒட்டிக்கொண்டால் நியூட்ரலும் நியூட்ரல் இல்லை. படித்திருக்கிறேன், ஆனால் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்போது படித்தது உதவாது. ரேடியேட்டரை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு கத்தினேன். பையன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சாவியைத் திருப்பினான். எண்ணெயை மாற்றி மெல்லிசாக ஊற்றி, கிளட்ச் விரல்களின் ஸ்குரூவை அரைச் சுற்று தளர்த்தியதும் அடங்கியது. இப்போதும் கிராங்க் போடும் முன் முன் சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் யாரையும் விடுவதில்லை.

நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மூடியைத் திறந்து பார்த்தேன். லோ பட்டியில் மரம் ட்ரம்மின் உருவத்துக்கு ஏற்ப மினுங்கத் தேய்ந்திருந்தது. எண்ணெயில் காப்பித்தூள் மாதிரி கொஞ்சம் கறுப்பு, நூல் எதுவும் இல்லை. புனல் வாயில் செருகி வைத்த பித்தளை வலையில் ஒரே ஒரு மரச் சிம்பு. பிரேக் பட்டியை ஒரு சுற்று இறுக்கினேன். ரிவர்ஸ் மட்டும் சூடாக இருக்கும்போது முனகுகிறது. ஆசாரியார் வந்து கேட்டுவிட்டு, "வண்டிச் சக்கரம் அச்சுல மை காஞ்சா இப்பிடித்தானுங்க கத்தும்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பட்டியை மட்டும் கழற்றி, ஓரங்களைச் சீவி, இன்னும் இரண்டு கீறல் போட்டுப் பார்க்க வேண்டும்.